வாழைநாரில் கட்டிய லகான்

என் தம்பி ரஞ்சித்குமார் மாமல்லபுரம் கடற்கரையில் ஐந்து குதிரைகள் வைத்திருந்தான். அதில் ஒன்றின் பெயர் கலெக்டர். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் இல்லை. வாங்கி வந்த முதல் நாள் மணலில் ஓர் இடத்தில் நின்றுகொண்டு, எல்லார் தலைக்கும் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பேர் கெஞ்சிக் கூப்பிட்ட பிறகுதான் ஓர் அடி எடுத்து வைத்தது. பக்கத்தில் ஐஸ் விற்றவர், "இன்னாபா, கலெக்டர் மாரி நின்னுகினு கீது" என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "கலெக்டர் கொள்ளு சாப்பிட்டாரா?", "கலெக்டருக்கு இன்றைக்கு வயிறு சரியில்லையாம்" என்றுதான் பேச்சு.

என் பெயர் வேண்டா. மூன்றாவதும் பெண்ணாகப் போயிற்றே என்ற ஆத்திரத்தில் வைத்தது. எனக்கு அடுத்து ரஞ்சித் பிறந்ததும், பெயர் பலித்துவிட்டது என்று பெற்றவர்களுக்கு ஒரே குஷி. அவனை இடுப்பில் சுமந்தவள் நான். அவனுக்குக் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக் கொடுத்ததும், அவனை அடித்த பையனை வழிமறித்து அடித்ததும் நான்தான். பிறகு செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தேன். அந்த வருஷம் அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். இப்போது சிற்பக் கூடங்கள் இருக்கிற தெருவில் எனக்குச் சொந்தமாக ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. உளிக்குக் கார்பைடு முனை வைப்பேன், கேட்டு, கிரில், படகுக்கு நங்கூரம் எல்லாம் செய்வேன். வேண்டாவுக்கு வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்று தெருவில் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான்.

கடற்கரைக் குதிரைகளுக்கு முள் கடிவாளம் செய்து கொடுத்ததும் நான்தான். வாய்க்குள் போகிற கம்பியில் சின்னச் சின்ன முள்ளாகப் பற்றவைக்க வேண்டும். லகானை இழுத்தால் முள் நாக்கில் ஏறும், குதிரை நிற்கும். ரஞ்சித் கேட்டான், செய்தேன். முள்ளெல்லாம் ஒரே உயரமாக வந்திருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அது எங்கே போய்க் குத்தும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஒரு காணும் பொங்கலன்று அது தெரிந்தது. கடற்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். யாரோ ஒரு பொடிசு கலெக்டரின் காதருகே பீப்பியை ஊதிவிட்டது. கலெக்டர் மிரண்டது. ரஞ்சித் லகானைச் சுண்டி இழுத்தான், அது இன்னும் மிரண்டது, இவன் இன்னும் இழுத்தான். கடைசியில் கலெக்டர் இரண்டு காலில் எழும்பி நின்றது. மேலே உட்கார்ந்திருந்த ஆள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். குதிரையின் வாயெல்லாம் ரத்தம். அதற்குப் பிறகு லகானைக் கையில் எடுத்தாலே அது எழும்ப ஆரம்பித்தது. ரஞ்சித் அதை விற்றுவிட ஒரு புரோக்கருக்குப் போன் போட்டுவிட்டான்.

அப்போதுதான் ஹம்சினி வந்தாள். திருவிடந்தைப் பெண். அப்பா பாஷ்யத்துக்குப் பெருமாள் கோயிலில் மாலை கட்டுகிற கைங்கர்யம். பெண் கால்நடை மருத்துவம் படித்து, அமெரிக்காவில் ஒரு மாட்டுப் பண்ணையில் மூன்று வருஷம் குதிரை பழக்கிவிட்டுத் திரும்பி வந்து, ஈ.சி.ஆர். சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக லாயம் போட்டிருந்தாள். பெருமாளுக்கே தினமும் கல்யாணம் நடக்கிற ஊரில் பிறந்துவிட்டு இவள் குதிரை வாலைப் பிடித்துக்கொண்டு திரிகிறாளே என்று பாஷ்யம் புலம்புவார். அன்று கடற்கரையில் கலெக்டரின் வாயைக் கழுவி மருந்து போட்டது அவள்தான். மறுநாள் அந்த முள் கடிவாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"இதை யார் செஞ்சதுன்னு கேட்டேன். உங்க பட்டறையைக் காட்டினாங்க."

"நாந்தான் செஞ்சேன். இன்னா இப்போ?"

"சண்டைக்கு வரலைக்கா. வெல்டிங் ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு தடவை வந்து கலெக்டர் வாயைப் பாருங்க. அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் பதிலுக்கு நான் இரண்டு மடங்கு திட்டியிருப்பேன். அவள் திட்டாததால் போய்த் தொலைத்தேன். கலெக்டரின் உதட்டை அவள் மெல்ல விலக்கிக் காட்டினாள். நாக்கின் குறுக்கே ஒரு பள்ளம். பழைய தழும்பின்மேல் புதுப் புண். முள்ளுக்கு முள் நான் விட்டிருந்த இடைவெளி அப்படியே அந்த நாக்கில் இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

ஹம்சினி ரஞ்சித்திடம் கேட்டாள். "அண்ணா, விக்காதீங்க. ரெண்டு வருஷம் என்கிட்ட விடுங்க. தீனி, மருந்து எல்லாம் என் பொறுப்பு. இந்தக் காணும் பொங்கலையும் சேர்த்து மூணாவது காணும் பொங்கலுக்கு முன்னாடி ஒரு பரீட்சை வெப்போம்."

"இன்னா பரீட்ச?"

"லகானைக் கடிவாளத்துல வாழைநாரால கட்டுவேன். அப்பா பூத் தொடுக்கிற நார். நீங்க ஏறி, சமுத்திரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். நார் அறலைன்னா கலெக்டர் உங்களோட வீட்டுக்கு வரலாம். அறுந்தா அவன் இங்கேயே இருப்பான்."

ரஞ்சித் சிரித்தான். "நாரா? குதிர தும்முனாலே பிஞ்சிடுமேம்மா!"

"அதுக்குத்தான் ரெண்டு வருஷம். வாராவாரம் நீங்களும் வரணும். பரீட்சை அவனுக்கு இல்லை, உங்களுக்கு."

என் தம்பிக்குச் சவால் என்றால் போதும். சரி என்று தலையாட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் வியாபாரம் இருக்கும் என்பதால் திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை தோறும் பட்டறையைச் சாத்திவிட்டு நானும் ஸ்கூட்டரில் கிளம்பினேன். தம்பிக்குத் துணை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். ஆனால் பூத்தொடுக்கிற நாரை வைத்து முந்நூற்றைம்பது கிலோ மிருகத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது. அதுதான் நிஜமான காரணம்.

முதல் நாலு மாதம் கலெக்டரின் வாயில் எதுவுமே இல்லை. "வாய்க்கு லீவு" என்றாள் ஹம்சினி. கழுத்தில் ஒரு கயிறு போட்டு நடத்திக்கொண்டு போவாள். அது நின்றால் இவளும் நிற்பாள். ஏன் நின்றது என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். ஒரு முறை கீழே கிடந்த நீல நிற சாக்கைப் பார்த்து நின்றுவிட்டது. இருபது நிமிஷம் இவளும் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரஞ்சித் என் காதில், "அக்கா, இவுங்க ரெண்டு பேருக்குமே கயண்டுக்கிச்சு போல" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இருபத்தோராவது நிமிஷம் கலெக்டர் தானாகப் போய்ச் சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போயிற்று. அடுத்த வாரம் சாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஸ்நாஃபிள் என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். முள்ளில்லாத வழவழப்பான இரும்பு, நடுவில் ஒரு மூட்டு, இரண்டு பக்கமும் வளையம். குதிரைக்குப் போடுவதற்கு முன்னால் அதைத் தன் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். லகானை ரஞ்சித்திடம் கொடுத்தாள்.

"நான்தான் கலெக்டர். என்னை இடது பக்கம் திருப்புங்க."

அவன் இழுத்தான். அவள் விரல் மடங்கி ஆவென்று கத்திவிட்டாள். "நீங்க வாங்கக்கா" என்றாள். நான் அதைவிட மோசம். பத்துப் பதினைந்து தடவை ஆன பிறகு, "இழுக்காதீங்க, விரலை மட்டும் மூடுங்க" என்றாள். நான் சுண்டு விரலை மூடினேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் இடது பக்கம் திரும்பிவிட்டாள். எனக்குப் புல்லரித்தது. வெல்டிங்கில் ராடை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், விலக்கினால் பொறி அணைந்துவிடும், நடுவில் ஒரு மயிரிழையில் கையை நிறுத்தி வைக்க வேண்டும். அதே கைதான் இதற்கும் வேண்டியிருந்தது. எனக்கு அது பிடிபட்டுவிட்டது. ரஞ்சித்துக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

ஸ்நாஃபிள் முடிந்து மூக்குக் கயிறு வந்தது. மாட்டுக்குப் போடுவதுபோல மூக்கைக் குத்தி நுழைப்பது இல்லை. பின்னிய தோல் வளையம், மூக்கின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். வாய்க்கு மறுபடியும் லீவு. கழுத்தின் வலப் பக்கம் லகான் பட்டால் இடப் பக்கம் திரும்ப வேண்டும், ஆள் இடுப்பைத் தளர்த்தி உட்கார்ந்தால் நிற்க வேண்டும். ஒரு நாள் ஹம்சினி மூச்சை விட்டாள், கலெக்டர் நின்றுவிட்டது. தற்செயல் என்று நினைத்தேன். "இன்னொரு தபா வுடு" என்றேன். விட்டாள், நின்றது. அன்று நான் ஏழு தடவை மூச்சு விடச் சொல்லிப் பார்த்தேன். ஏழாவது தடவை கலெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்ததில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

ரஞ்சித்தும் கொஞ்சம் கொஞ்சமாக மாறினான். முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவன், பிறகு திங்கட்கிழமை விடிந்ததும் என் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். கலெக்டரைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் வாடிக்கையாளரை ஏற்றப்போவதில்லை, தானே சாயங்காலம் ஓட்டப்போவதாகச் சொன்னான். அவன் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய முதல் குதிரை அது. அடக்கத் தெரியாமல் விட்டுவிட்டான் என்று மற்ற குதிரைக்காரர்கள் பேசிய பேச்சு அவனுக்குள் இருந்தது. "அவுனுங்க கண்ணு முன்னால ஒரு கையில ஓட்டணும்க்கா. அது போதும்" என்றான். அவன் அப்படி ஆசையாக ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வருஷம் பாதியில் ஹம்சினி ஒரு படம் வரைந்து எடுத்து வந்தாள். கடைசிக் கடிவாளம், நான் செய்து தர வேண்டுமாம். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குக் கீழே தொங்குகிற கம்பி. வாய்க்குள் போகிற பகுதி நாக்குக்குமேல் வில்லாக வளைந்திருந்தது. லகானைக் கீழ் நுனியில் கட்டினால் நெம்புகோல் கணக்கில் பலம் பல மடங்காகும். இரும்பு வேலை தெரிந்த யாருக்கும் அது புரியும்.

"இன்னாம்மா இது? இதுக்கு என் முள்ளே தேவலியே!"

"ஆமாங்க்கா. வெடுக்குன்னு இழுத்தா தாடையே உடைஞ்சுடும்."

"பின்ன எதுக்கு? இத்தினி நாளா நாக்கு நாக்குன்னு உருகிக்கினு இருந்த!"

"இழுக்கிறவங்க கையில இதைக் கொடுக்கவே கூடாது. இவ்வளவு நாள் பழக்கினதே இதை இழுக்க வேண்டிய அவசியம் வரக்கூடாதுன்னுதான். இந்தக் கம்பி நீளமா இருக்கிறதால லகானைத் தூக்கினதுமே லேசா ஆடும். வாய்க்கு எதுவும் வர்றதுக்கு முன்னாடியே அந்த ஆட்டம் அவனுக்குத் தெரிஞ்சுடும். அவன் பதில் சொல்லிடுவான். நாம கேட்டு முடிக்க வேண்டியதே இல்லை."

பெரிய இரும்பு எப்படிச் சின்னப் பேச்சு பேசும் என்று அன்று முழுக்க அந்தப் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்து பார்த்தால்தான் தீரும் என்று வேலையில் இறங்கினேன். பாலிஷ் போடக் கூடாது, குரோமியம் பூசக் கூடாது, துருப்பிடிக்கிற சாதா இரும்புதான் குதிரைக்கு ருசி என்றாள். துருப்பிடிக்கிற சாமானை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது எனக்கு எவ்வளவு கேவலம்! பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தேன். நாக்குக்கு விளையாட நடுவில் ஒரு செப்பு உருளை வைக்கச் சொன்னாள். பழைய ஏ.சி. குழாயை வெட்டி அதைச் செய்தேன். செய்து முடித்து ஒரு விரலில் தொங்கவிட்டால் நேராக நிற்க வேண்டும். முதல் தடவை இடது பக்கம் சாய்ந்தது. அராவி அராவி மூன்றாம் நாள் நேராக நின்றது. விரல் நுனியால் தொட்டேன், அசைந்தது. தொடவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத் தொட்டேன், அப்போதும் அசைந்தது. வேலையை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அதை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கலெக்டருக்கு அதைப் போட்ட பிறகும் நாலு மாதம் அதில் லகான் கட்டவில்லை. வேலை எல்லாம் மூக்குக் கயிற்றில், கடிவாளம் சும்மா வாயில் இருந்து பழகிக்கொள்ளட்டும் என்றாள். ஒரு மாதம் போனதும் கலெக்டர் செப்பு உருளையை நாக்கால் உருட்டிக்கொண்டே வேலை செய்தது. நான் செய்த இரும்பை அந்த நாக்கு விளையாட்டுச் சாமானாக எடுத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அங்கே ஏது புகை?

மூன்றாவது காணும் பொங்கலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பரீட்சை அடுத்த திங்கட்கிழமை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. திருவிடந்தையில் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்பவர்களுக்கு மாலை விற்கிற கடை ஒன்றில் ஒரு கட்டு நார் வாங்கி வந்து பட்டறையில் சோதித்தேன். ஒற்றை நாரில் பையைக் கட்டி மெதுவாக வெங்காயம் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு கிலோ வரைக்கும் தாங்கியது. அதே நாரில் அரைக் கிலோவைக் கட்டி வெடுக்கென்று சுண்டினேன், அறுந்துவிட்டது. பத்து நார், பத்தும் அப்படித்தான். மெதுவாகக் கேட்டால் தாங்குகிறது, சுண்டினால் போய்விடுகிறது. ரஞ்சித்தின் கையை எனக்குத் தெரியும். இப்போது எவ்வளவோ தேவலைதான். ஆனால் திடுக்கென்று ஏதாவது நடந்தால்? குதிரையை மிரட்டிய அந்தப் பீப்பிச் சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். பட்டறையில் கிடந்த பழைய ஃபேன் மோட்டாரின் காயிலிலிருந்து தலைமுடி கனத்தில் செப்புக் கம்பி உருவினேன். இரண்டு நாரை எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பியை வைத்து முறுக்கினேன். காய்ந்த நாரும் அந்தக் கம்பியும் ஒரே பழுப்பு நிறம், கண்ணுக்கே தெரியவில்லை. தப்பு என்று எனக்குத் தெரியும். தம்பி தோற்றுவிடுவானோ என்ற பயத்தில் மற்றதெல்லாம் மறைந்துவிட்டது. வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்த கை சும்மா இருக்குமா?

திங்கட்கிழமை காலை பாஷ்யம் கோயிலிலிருந்து நார் கொண்டுவந்தார். "கொடுங்க சாமி, கடிவாளம் செஞ்சவ நானு, நானே கட்டறேன்" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, என் நாரைக் கட்டினேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ரஞ்சித் ஏறினான். லகான் இடது கையில் தளர்ந்து தொங்கியது. சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் இறங்கினார்கள். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே நடந்தோம். நான் என் தம்பியைப் பார்க்கவில்லை, குதிரையையும் பார்க்கவில்லை. கம்பி எங்கேயாவது வெயிலில் மின்னிவிடுமோ என்று நாரையே பார்த்துக்கொண்டு போனேன். படகுகள் நிற்கிற இடத்தில் அவர்கள் திரும்பும்போது, கரையில் படகு இழுக்கிற டிராக்டர் படபடவென்று கிளம்பியது. கலெக்டரின் கால்கள் மணலை வாரி இறைப்பது தெரிந்தது. நார் ஆடியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பக்கத்தில் ஹம்சினி என் கையை இறுக்கிப் பிடித்து, "அக்கா, பாத்தீங்களா? இழுக்காம கையைத் திறந்துட்டார்!" என்று கத்தினாள். கலெக்டர் டிராக்டரைத் தாண்டி அமைதியாக நடந்து வந்துகொண்டிருந்தது.

லாயத்து வாசலில் ரஞ்சித் இறங்கினான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஹம்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலெக்டரைக் கட்டுகிற கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "ஜெயிச்சுட்டீங்கண்ணா. கூட்டிட்டுப் போங்க" என்றாள். இரண்டு வருஷம் அவளோடு இருந்த குதிரை அல்லவா?

அத்தோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். ரஞ்சித்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலப் பக்கத்து நாரை அவிழ்த்து எடுத்துக்கொண்டு பாஷ்யத்திடம் போனான். "சாமி, பாருங்க. சுண்டு விரல்ல பிஞ்சிடும் இது. இத்த வச்சிக்கினு கலெக்டர ஓட்டிக்கினு வந்தேன் நானு!" என்று விரலில் சுற்றிச் சுண்டினான்.

அறவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பலமாகச் சுண்டினான். நார் கிழிந்து செப்புக் கம்பி வெளியே வந்தது. அவன் விரலில் ரத்தக் கோடு விழுந்தது.

அவன் கம்பியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். வேறு யாரையும் அவன் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நாந்தாண்டா" என்றேன். "நீ தோத்துடுவியோன்னு பயந்துட்டேன்."

ஹம்சினி இடப் பக்கத்து நாரை அவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்தாள். "அண்ணா, இங்க பாருங்க. இந்த நார் முழுசா இருக்கு. இழுத்திருந்தா கம்பிக்கு முன்னாடி நார்தான் கிழிஞ்சிருக்கும். நீங்க இழுக்கவே இல்லை. நிஜமாவே ஜெயிச்சுட்டீங்க. எனக்கு இதுல ஆட்சேபணையே இல்லை."

"எனக்குக் கீது" என்றான் ரஞ்சித். "கம்பி கட்டிக்கினு ஜெயிச்சேன்னு பீச்சுல போய்ச் சொல்லவா? சாமி கொண்டாந்த நார எடுங்க. நீங்களே கட்டுங்க." என் பக்கம் திரும்பி, "நீ கிட்ட வராத" என்றான்.

"இன்னைக்கு வேண்டாம்ண்ணா. அடுத்த வாரம் ஏறலாம். இந்தக் கோவத்தோட அவன் மேல ஏறாதீங்க."

"கட்டறியா, நானே கட்டிக்கவா?"

ஹம்சினி என் இடுப்பில் இருந்த நாரை உருவிக் கட்டினாள். அவன் ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தான். கலெக்டரின் காது இரண்டும் பின்னால் போயிற்று. செப்பு உருளைச் சத்தம் நின்றுவிட்டது. இந்தத் தடவை நான் நாரைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தேன். எங்கள் அப்பாவின் கோபம் அதில் இருந்தது. என் கோபமும் அதேதான். கலெக்டர் நாலு அடி வைத்தது, வாசல் கம்பத்தருகே தயங்கி நின்றது. மேலே உட்கார்ந்திருந்த உடம்பு இறுகிப்போயிருந்ததில் போகச் சொல்கிறானா, நிற்கச் சொல்கிறானா என்று அதற்குப் புரியவில்லை. "போடா!" என்று ரஞ்சித் லகானோடு கையை வெடுக்கென்று தூக்கினான்.

இரண்டு பக்கமும் நார் அறுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை. லகான் அவன் கையில் வெறுமனே தொங்கியது. அங்கே டிராக்டர் இல்லை, பீப்பி இல்லை, ஈ காக்கைகூட இல்லை. வாயில் யாரும் பிடிக்காத இரும்போடு கலெக்டர் ஓடவும் இல்லை, எழும்பவும் இல்லை. அப்படியே நின்று அடுத்து என்ன என்று காதை மட்டும் அவன் பக்கம் திருப்பியது. ரஞ்சித் வெகுநேரம் இறங்காமல் அதன் பிடரியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறங்கியதும் கட்டுகிற கயிற்றை ஹம்சினியிடம் அவனே கொடுத்தான். "அவன் மேல தப்பு இல்லம்மா" என்றான்.

திரும்பும்போது ஸ்கூட்டரை நான்தான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் தோளைப் பிடிக்காமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். திட்டினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மாமல்லபுரத்துக்குள் திரும்புகிற இடம் வந்ததும் என் தோளைத் தட்டினான்.

"அக்கா. மொத தபா நா ஜெயிச்சேன் இல்ல?"

"ஜெயிச்சடா. மெய்யாலுமே ஜெயிச்ச."

"டிராக்டர் சத்தத்துல கைய தொறந்தேனே. நீ பாத்த இல்ல?"

பார்த்தேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய்வரை வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன்.

"பாக்கலடா. நா நாரத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவன் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்து போய்விட்டான். அடுத்த திங்கட்கிழமை நான் பட்டறையைச் சாத்திவிட்டு விடியற்காலையிலிருந்து வீட்டு வாசலில் காத்திருந்தேன். ஹாரன் சத்தம் கேட்கவில்லை. பத்து மணிக்கு ஹம்சினிக்குப் போன் செய்தேன். அண்ணா ஆறு மணிக்கே வந்துவிட்டார், கலெக்டரோடு தோப்புக்கு அந்தப் பக்கம் கடற்கரையில் இருக்கிறார் என்றாள்.